தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழைய ஸ்டேஷன் நினைவுகளைப் பதிவு செய்ய

பெரியவர் சொல்வது எந்த ரயில் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பதிவுகள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகின்றன. மொரப்பூர் – தர்மபுரி குறுகிய பாதை 1906-ல் வந்தது, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905-ல். இரண்டிலும் தண்டவாளங்களுக்கு இடையே 762 மி.மீ. அகலம்தான்; பஞ்சகாலத்தை மனத்தில் வைத்துப் போட்டவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இரண்டுமே இல்லை. சேலம் – பெங்களூரு மீட்டர் பாதை (ஒரு மீட்டர் அகலம்) 1960-களின் இறுதியில்தான் வந்தது, 1990-களில் அகலப் பாதையானது. ஆகவே எழுபது வயதுக்காரர் "சின்ன வண்டி" என்றால் அது மீட்டர் பாதை வண்டியாகவோ தன் அப்பா சொன்ன கதையாகவோ இருக்கும். "நீங்களே பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்டு, பதிலைத் தனியாகக் குறியுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "உங்க கல்யாணத்துக்கு முன்னயா? மூத்த பிள்ளை பொறந்தப்புறமா?" என்று கேளுங்கள். பழைய படத்தை முதலிலேயே காட்டினால் படத்தில் இருப்பதையே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் பேசி முடித்த பிறகு காட்டுங்கள். ஒரு தாளைக் கொடுத்து பிளாட்பாரம், கேட், கேபின் (கைகாட்டிகளை இயக்கும் அறை), கிணறு, மரம் எது எங்கே இருந்தது என்று வரையச் சொல்லுங்கள். கை வரையும்போது வாயும் திறக்கும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, வாயிலிருந்து ஒரு முழ தூரத்தில் துணி மேல் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், அந்த இரைச்சலைப் பின்னால் எளிதில் நீக்க முடியாது.

கேபினில் வேலை பார்த்தவர் கிடைத்தால் விடாதீர்கள். சிவப்பு லீவர் நிறுத்தக் கைகாட்டிக்கு, கருப்பு பாயிண்ட்டுக்கு (வண்டியைப் பாதை மாற்றிவிடும் இடம்), நீலம் அந்தப் பாயிண்ட்டின் பூட்டுக்கு, வெள்ளை உபயோகத்தில் இல்லாதது. லீவர் பலகையில் பெரிய எண் அந்த லீவருடையது; கீழே சிறிய எண்கள் அதற்கு முன் இழுக்க வேண்டியவை. இந்த வரிசையைக் கேளுங்கள், ஸ்டேஷனின் பாதை அமைப்பே அதில் இருக்கிறது. வண்டிக்கு வழி விடும்போது கைகாட்டியின் கை இறங்கியதா, ஏறியதா? அடுத்த ஸ்டேஷன் வரை போக டிரைவருக்கு அனுமதியான டோக்கனை ஓடும் வண்டியில் கொடுத்தது யார், அதை மாட்டிய வளையத்தை எப்படிப் பிடித்தார்? வெயிலில் கைகாட்டியை இழுக்கும் கம்பி நீண்டு கைகாட்டி சரியாக இறங்காதபோது என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்கள் எந்த ஆவணத்திலும் இருக்காது.

வீட்டு உத்தரமாகவோ வேலிக்காலாகவோ பழைய தண்டவாளம் கண்ணில் பட்டால் உயரத்தை அளந்து குறியுங்கள். இன்றைய 52 கிலோ (ஒரு மீட்டர் நீளத்தின் எடை) தண்டவாளம் 156 மி.மீ., 60 கிலோ 172 மி.மீ. நூறுக்கும் கீழே என்றால் குறுகிய பாதையாக இருக்கலாம், குவாரி டிராலிப் பாதையாகவும் இருக்கலாம்; அளவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பக்கவாட்டில் புடைத்த எழுத்துகளின் மேல் சாக்பீஸைப் படுக்க வைத்துத் தேய்த்தால் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் தெரியும். சாய்வெயிலில் படம் எடுங்கள்.

வண்டி ஓடும் பாதையில் இறங்கி அளக்கக் கூடாது; ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே கோப்புக்கு ஊர், பாதை, தேதி மூன்றையும் சேர்த்துப் பெயர் வையுங்கள்: "பாலக்கோடு-மீட்டர்-" என்று தொடங்கினால் போதும்.