வலிக்காத ஞானப்பல்லை எடுப்பதா, விடுவதா?

பல் சுத்தம் செய்துகொள்ளப் போன இடத்தில் மருத்துவர் இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஞானப்பல் நாலும் இருக்கு, பின்னால தொந்தரவு பண்ணும், எடுத்துடலாமா?" என்று கேட்பது இன்று பலருக்கும் நேர்கிறது. வலியோ வீக்கமோ இல்லாததால் அப்படியொரு பல் இருப்பதே அதுவரை நினைவில் இருந்திருக்காது. அந்த நாற்காலியிலேயே தலையாட்டிவிட வேண்டியதில்லை. 'வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று எழுந்து வந்துவிடவும் வேண்டாம். முடிவெடுக்க விரும்புபவர் ஞானப்பல்லைப் பார்ப்பதற்கு முன், அதற்கு அடுத்து முன்னால் நிற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லைப் பார்க்க வேண்டும். ஞானப்பல் இல்லாமலேயே வாழ்நாள் முழுவதும் நன்றாக மென்று சாப்பிட முடியும், ஆனால் இரண்டாம் கடைவாய்ப்பல் போனால் மெல்லும் வலிமையில் ஒரு பங்கு போய்விடும்.

பல் உண்மையிலேயே நலமாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஞானப்பல் பொதுவாக 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கிறது. சிலருக்கு ஒன்றிரண்டு உருவாவதே இல்லை. முழுதாக முளைத்து எதிர்ப்பல்லோடு சேர்ந்து மெல்லுகிற பல்லும், வாய்க்குள் எந்தத் திறப்பும் இல்லாமல் எலும்புக்குள் முழுதாகப் புதைந்த பல்லும் பெரும்பாலும் தொல்லை தராமல் இருந்துவிடுகின்றன. பாதி தலைகாட்டி, மீதியை ஈறு மூடியிருக்கும் பல்தான் அதிகம் கவனிக்கத்தக்கது, ஏனெனில் அந்த ஈறு மடலுக்கு அடியில் உணவுத் துணுக்கும் கிருமியும் தங்கி, திடீரென்று ஒரு நாள் வாயைத் திறக்க முடியாதபடி வீங்கிவிடும். கையைக் கழுவிவிட்டு, கண்ணாடி முன் நின்று, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தால் இந்த மடல் தெரியும். ஆட்காட்டி விரலால் அதை மெல்ல அழுத்தும்போது கசிவோ உப்புக்கரிக்கும் சுவையோ வந்தாலும், கடைசிப் பல்லிடுக்கில் பல்நூலை விட்டு எடுத்து முகர்ந்தால் நாள்தோறும் துர்நாற்றம் அடித்தாலும், அந்தப் பல்லை வலிக்கவில்லை என்று சொல்லலாமே தவிர நலமான பல் என்று சொல்ல முடியாது. மருத்துவர் மெல்லிய அளவுகோல் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே விட்டு ஆழம் பார்ப்பார். இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்புறத்தில் அந்த ஆழம் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அங்கே ஈறுநோய் சத்தமில்லாமல் தொடங்கியிருக்கக்கூடும்.

அடுத்து அந்த எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டச் சொல்லி, மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள். கீழ்த்தாடையில் புதையும் ஞானப்பற்களில் பெரும்பாலானவை, பேருந்தில் தூங்கிவழிந்து பக்கத்துப் பயணியின் தோளில் விழுந்தவரைப் போல, முன்னால் நிற்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் மீது சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்ந்த பல்லின் ஒரு பகுதி வாய்க்குள் தெரிந்தால், இரண்டும் தொடுகிற இடுக்கில் எந்த பிரஷ்ஷும் நுழையாது. சொத்தை இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தில் விழுந்து, நரம்பை எட்டும் வரை ஒன்றும் தெரியாது. படத்தில் அந்த இடத்தில் கருமை இருக்கிறதா, ஞானப்பல்லின் தலையைச் சுற்றிக் கரிய வளையம் பெரிதாகி நீர்க்கட்டி போல் தெரிகிறதா, வேர் நுனிகள் கீழ்த்தாடை நரம்புக் குழாயின் மேல் விழுகின்றனவா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். வேர் அந்தக் குழாயைக் கடக்கும் இடத்தில் கறுத்தோ, குழாயின் வெண்கோடு அறுந்தோ தெரிந்தால், எடுக்க முடிவானாலும் அதற்கு முன் சிபிசிடி என்னும் முப்பரிமாணப் படம் வேண்டியிருக்கலாம்.

நலமான பல்லை முன்கூட்டியே எடுப்பது பற்றி மருத்துவ உலகில் ஒரே குரல் இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, நோயற்ற புதைந்த ஞானப்பற்களை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000-ஆம் ஆண்டு கூறியது. கடுமையாக இல்லாத முதல் ஈறு வீக்கத்துக்கே எடுக்க வேண்டியதில்லை, இரண்டாம் முறை வந்தால் எடுக்கலாம் என்பதும் அதன் கருத்து. அமெரிக்காவிலோ இளம் வயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் வலுவாக இருந்துவருகிறது. இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த, காக்ரேன் என்னும் பன்னாட்டு ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, எடுப்பதை ஆதரிக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடித்தது. ஆகவே 'எல்லோரும் எடுக்க வேண்டும்' என்பவரையும் 'யாரும் எடுக்கக்கூடாது' என்பவரையும் ஒரே அளவில் சந்தேகிக்கலாம்.

என் கணிப்பில், முழுதாக முளைத்து, தூய்மை செய்யக்கூடியதாக உள்ள பல்லை விட்டுவிடுவதே சரி. பிற்காலத்தில் வேறொரு கடைவாய்ப்பல் போனால் அந்த இடத்தை நிரப்பப் பொருத்தும் பிரிட்ஜ் என்னும் செயற்கைப் பல்லுக்கு அது தாங்குபல்லாகவும் உதவலாம். நாற்பதைக் கடந்தவரின் எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து, பல ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் பல்லையும் தோண்ட வேண்டாம். ஆனால் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கு, பாதி முளைத்து இரண்டாம் கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்த கீழ் ஞானப்பல் இருந்தால், இன்று சொத்தை இல்லாவிட்டாலும் எடுப்பதன் பக்கம் நான் சாய்வேன். அந்த வயதில் எலும்பு அவ்வளவாக இறுகியிருக்காது, ஆறுவதும் விரைவு. தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கவிருப்பவர்களும், எலும்பு வலுவுக்கான சில மருந்துகளைத் தொடங்கவிருப்பவர்களும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்தப் பேச்சை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும்.

முன்பற்கள் நெரிந்து கோணலாகிவிடும் என்று சொல்லி எடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஞானப்பல்தான் முன்பற்களைத் தள்ளுகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதும் அவ்வாறே ஆதாரமற்றது. அந்தப் பயத்தால் சீழ் வைத்த பல்லோடு மாதக்கணக்கில் திரிபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் அதற்கும் வேலை இருக்கிறது. ஒற்றைக் குஞ்சம் கொண்ட சிறு பிரஷ் ஒன்றை வாங்கி, வாயைப் பாதியளவே திறந்து, கன்னத்தைத் தளர்த்தி, கடைசிப் பல்லின் பின்சுவரை இரவில் தேய்க்க வேண்டும். வாயை அகலத் திறந்தால் கன்னத் தசை இறுகி பிரஷ் உள்ளே போகாது. ஆண்டுக்கொரு முறை பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு எக்ஸ்ரேயும் தேவை. பழைய படத்தை வீட்டில் பத்திரப்படுத்துங்கள், புதியதை அதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.

எடுப்பது என்று முடிவானால், ஒரே நாளில் நான்கையும் எடுக்கத்தான் வேண்டுமா, எவையெவை தேவை என்று பல் பல்லாகக் காரணம் கேளுங்கள். கீழ் உதட்டிலோ நாக்கிலோ மரத்துப்போகும் வாய்ப்பு உங்கள் படத்தின்படி எவ்வளவு என்பதையும், நரம்பு மிக அருகில் இருந்தால் பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை விட்டுவைக்கும் முறை பொருந்துமா என்பதையும் கேளுங்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, புகைப்பழக்கம் எதையும் மறைக்க வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் படத்தை எடுத்துக்கொண்டு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வாய் முக அறுவைப் பிரிவில் இன்னொரு கருத்துக் கேட்கலாம். நலமான பல்லுக்கு அவசரம் ஏதும் இல்லை.