காரில் கஞ்சா, பின்சீட்டில் பயணி: வழக்கை நிரூபிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நள்ளிரவு வாகனச் சோதனையில் ஒரு கார் நிற்கிறது. ஓட்டுநர், பக்கத்தில் ஒருவர், பின்னால் இருவர். டிக்கியில் கஞ்சா மூட்டை. நால்வரும் கைது. மகஜரில் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணம்) ஒரே வரி: "காரில் இருந்தவர்களிடமிருந்து 22 கிலோ கஞ்சா கைப்பற்றப்பட்டது." வழக்கு சறுக்கத் தொடங்குவது இந்த வரியில்தான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் (NDPS) கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தது 10 ஆண்டு சிறை, ஜாமீனும் லேசில் கிடைக்காது. அவ்வளவு பெரிய தண்டனைக்கு "வண்டியில் இருந்தார்" என்பது போதாது. மூட்டை இருப்பது அந்தப் பயணிக்குத் தெரியும், அது அவர் கைவசத்திலும் இருந்தது என்று காட்டியாக வேண்டும். அதனால் யார் எந்த சீட்டில் இருந்தார், பை யார் காலடியில் கிடந்தது, வாடை அடித்ததா, பைக்குள் யாருடைய சட்டை, யார் பெயரில் பஸ் டிக்கெட் என்பதையெல்லாம் அங்கேயே, அப்போதே எழுத வேண்டும். பைக்குள் மடித்து வைத்த ஒரு சட்டை பத்து சாட்சிக்குச் சமம். ஸ்டேஷனுக்கு வந்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் குறுக்கு விசாரணையில் நிற்காது.

அடுத்த தவறு, அந்தச் சட்டத்தின் 35, 54 பிரிவுகளின் அனுமானமே (பிடிபட்டவர் தெரிந்தே குற்றம் செய்தார் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்வது) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புவது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகுதான் நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர்மேல் போகும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. இமாச்சல் வழக்கு ஒன்றில், 2003-ல், காரில் வந்த ஐந்து பேரின் தண்டனையும் நின்றது. அது பொது வாகனம் இல்லை, ஐவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், சேர்ந்து வந்ததற்கு விளக்கமும் தரவில்லை. வழியில் லிஃப்ட் கேட்டு ஏறியவருக்கு இதே அளவுகோலை வைத்தால் அது அநியாயம். ஒருவருக்கொருவர் பழக்கம் உண்டு என்று காட்ட போன் அழைப்புப் பதிவு, டோல்கேட் கேமரா, பெட்ரோல் பில் எல்லாம் இருக்கின்றன. பலர் அவற்றைத் தேடுவதே இல்லை.

ஒப்புதல் வாக்குமூலத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். 67-வது பிரிவில் அதிகாரி விசாரித்து வாங்கும் வாக்குமூலத்தை ஒப்புதலாகப் பயன்படுத்த முடியாது என்று 2020-ல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் தீர்ப்பு வந்தது. அப்புறம், உடல் சோதனைக்கு முன் 50-வது பிரிவின் உரிமையை (மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை) ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரே நோட்டீஸ் கொடுத்தால் செல்லாது.

கடைசியில் கோட்டைவிடும் இடம் விசாரணை மன்றம். 2002-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், கசகசாத் தோல் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வந்தவர்களும் ஓட்டுநரும் விடுதலையானார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கூலியாட்களாகவும் இருக்கலாம் என்ற ஐயம் தீரவில்லை. "மூட்டைகள் உங்கள் வசம் இருந்தன, என்ன சொல்கிறீர்கள்?" என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-வது பிரிவின் கீழ் நீதிமன்றம் அவர்களிடம் கேட்கவும் இல்லை. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) அது 351-வது பிரிவு. ஒவ்வொரு பயணியிடமும் அந்தக் கேள்வியைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும்.