மழைக் கணக்கில் தேதி மாறுகிறதா? நேரக்குறியைப் பாருங்கள்

வானிலை ஏபிஐயிலிருந்து (நிரல்களுக்குத் தரவு தரும் இணைய இடைமுகம்) தஞ்சாவூர், நாகப்பட்டினம் மழை அளவை எடுப்பவர்கள் முதலில் நேரத்தின் கடைசிக் குறியைப் பாருங்கள். ‘இசட்’ எழுத்து இருந்தால் அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம். நவம்பர் 26, 20:15 என்று வருவது இங்கே 27ஆம் தேதி அதிகாலை 1:45. ‘+05:30’ இருந்தால் அது ஏற்கெனவே நம் நேரம்தான், மறுபடி கூட்டாதீர்கள்.

எந்தக் குறியும் இல்லையா? ஊகிக்காமல் ஏபிஐயின் ஆவணத்தைப் படியுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி இதில் நன்றாகவே குழப்பும்: குறியில்லாத தேதியும் நேரமும் சேர்ந்து வந்தால் உள்ளூர் நேரமாகவும், வெறும் தேதி வந்தால் யூடிசியாகவும் எடுத்துக்கொள்ளும். கும்பகோணத்து மடிக்கணினியில் சரியாக ஓடும் நிரல், யூடிசியில் இயங்கும் சர்வரில் தப்பாகக் காட்டுவது இதனால்தான்.

பெரிய சிக்கல் தினசரி மழையில். இந்திய வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. யூடிசி நாளோ நமக்கு அதிகாலை 5:30க்கே தொடங்கிவிடும். விடியற்காலையில் கொட்டிய மழை வேறு தேதியில் போய் விழும். அதனால் தினசரிக் கூட்டுத்தொகையை நம்பாமல் மணிவாரித் தரவை வாங்கி, யூடிசி 03:00 முதல் மறுநாள் 03:00 வரை நீங்களே கூட்டுங்கள். முடியும் நாளின் தேதியைப் போடுங்கள். சேமிப்பது யூடிசியில், திரையில் காட்டுவது ‘ஏசியா/கொல்கத்தா’ என்ற இந்திய நேர மண்டலத்தில்.