பாராமிக்கோவில் ஷெல்லோடு பேச: ஸ்லீப்பை விடுங்கள், ப்ராம்ப்டைப் பிடியுங்கள்

பைத்தானும் எஸ்எஸ்எச் லாகினும் பழக்கம் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பைத்தானிலிருந்து எஸ்எஸ்எச் இணைப்பு போட உதவும் லைப்ரரிதான் பாராமிக்கோ; பிப் வழியாக அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் இணைப்பு. கிளையன்டை உருவாக்கியதும் சிஸ்டத்தில் இருக்கும் ஹோஸ்ட் கீகளை (ஏற்கனவே தெரிந்த சர்வர்களின் அடையாளச் சாவிகள்) ஏற்றுங்கள். ஆட்டோஆட்பாலிசி போட்டால் வேலை சுலபம்தான், ஆனால் முன்பின் தெரியாத சர்வர் நீட்டும் கீயையும் அது கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். டெஸ்ட் மெஷினைத் தாண்டி வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, கமாண்டை ஓட்ட எக்ஸெக் கமாண்டா, இன்வோக் ஷெல்லா? எக்ஸெக் ஒவ்வொரு முறையும் புது சேனல் திறக்கிறது, அதனால் ஒன்றில் டைரக்டரி மாறினாலும் அடுத்ததில் பழையபடி ஹோமில்தான் நிற்பீர்கள். இடையிடையே ஆமா, இல்லையா என்று கேட்கும் இன்ஸ்டாலருக்கெல்லாம் ஒரே ஷெல்லைத் திறந்தே வைத்திருக்கும் இன்வோக் ஷெல்தான் சரி. திறக்கும்போதே டெர்மினல் அகலத்தை 200 எழுத்து என்று கொடுத்துவிடுங்கள், இயல்பான 80-இல் நீளமான வரிகள் மடங்கிவிடும்.

இனிதான் பலரும் மாட்டிக்கொள்கிற இடம். கமாண்டை அனுப்பி, இரண்டு விநாடி ஸ்லீப் போட்டு, ரெசீவை ஒருமுறை கூப்பிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. ரெசீவுக்கு 4096 என்று கொடுத்தால் அது உச்சவரம்பு மட்டுமே. அந்த நேரத்தில் வந்து சேர்ந்த துண்டைத்தான் தரும், ஒன்றுமே வரவில்லையென்றால் அங்கேயே காத்துக்கிடக்கும். ஆகவே சேனலுக்கு டைம்அவுட் வைத்து, லூப்பில் வாங்கி வாங்கி ஒரே பஃபரில் சேர்த்து, பஃபரின் கடைசியில் ப்ராம்ப்ட் (அடுத்த கமாண்டுக்குத் தயார் என்று ஷெல் காட்டும் குறி) வந்துவிட்டதா என்று பாருங்கள். சேர்ப்பதை பைட்டாகவே சேர்க்க வேண்டும், இது முக்கியம்: யுடிஎஃப்-8 இல் 'க' என்ற ஒரு எழுத்துக்கே 3 பைட், தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளைப் பட்டியலிடும்போது துண்டு எழுத்தின் நடுவில் முறிந்தால் டிகோட் அங்கேயே எர்ரர் அடிக்கும். எல்லாம் வந்தபின் ஒரே தடவையாக டிகோட் செய்யுங்கள்.

டாலர் குறியை ப்ராம்ப்டாக நம்பாதீர்கள், அது அவுட்புட்டிலும் வரும். முதலில் எக்கோவை அணைத்துவிட்டு, அப்புறம் ப்ராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பிஎஸ்1 மாறிக்கு வேறெங்கும் வராத ஒரு சொல்லைக் கொடுங்கள். எக்கோ அணையாமல் இருந்தால் நீங்கள் அனுப்பிய கமாண்டே திரும்பி வந்து ப்ராம்ப்ட் மாதிரி ஏமாற்றும்.

பிற்சேர்க்கை: சிஸ்கோ நெட்வொர்க் ஸ்விட்சில் நீளமான அவுட்புட் 'மோர்' என்று பாதியில் நின்றால், லாகின் ஆனவுடன் 'டெர்மினல் லெங்த் 0' அனுப்புங்கள். நிறைய ஸ்விட்ச், ரவுட்டர் என்றால் நான் நெட்மிக்கோவைத்தான் எடுப்பேன். பாராமிக்கோ மேலேயே கட்டியது, ப்ராம்ப்டைப் பிடிப்பதையும் பக்கம் பக்கமாக நிற்பதை அணைப்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.