வினாத்தாளை நம்புவதற்கு முன்: வன்னிப் பாடசாலைகளில் பரீட்சைகளையும் உளவியல் வினாக்கொத்துகளையும் சோதித்துப் பார்க்கும் முறை

தவணைப் பரீட்சைப் புள்ளிகளை வைத்து மாணவர்களை வகுப்புப் பிரிக்கிறோம். மேலதிக வகுப்புக்கு ஆள் தெரிகிறோம். பெற்றோரை அழைத்துப் பேசுகிறோம். அந்தப் புள்ளி இவ்வளவையும் தாங்குமா என்று பார்ப்பதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. அளக்க நினைத்ததைத்தான் வினாத்தாள் அளக்கிறதா என்பது செல்லுபடித்தன்மை. அதே மாணவர் அதே நிலையில் மறுபடி எழுதினால் ஏறத்தாழ அதே புள்ளி கிடைக்குமா என்பது நம்பகத்தன்மை. பாடநூல்கள் பெரும்பாலும் நம்பகத்தன்மையிலிருந்து தொடங்குகின்றன, ஏனெனில் அதற்குச் சூத்திரம் இருக்கிறது. ஆசிரியர் ஒருவர் செல்லுபடித்தன்மையிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. பிழையான ஒன்றை மிக நம்பகமாக அளக்கும் வினாத்தாள்கள் ஏராளமாக உண்டு.

முதலில், இந்தப் பரீட்சையின் புள்ளியை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறோம் என்பதை ஒரே வசனத்தில் எழுதுங்கள். 'தரம் 9 இல் பின்னக் கணக்கில் பின்தங்கியவர்களைக் கண்டறிதல்' என்பது ஒரு நோக்கம், 'க.பொ.த. சாதாரண தரத்தில் யார் சித்தியடைவார் என்று முன்கூட்டி அறிதல்' என்பது வேறொரு நோக்கம். ஒரே வினாத்தாள் முதலாவதற்குப் பொருந்தி, இரண்டாவதற்குப் பொருந்தாமற் போகலாம். ஆகவே ஒரு வினாத்தாளைப் பொதுவாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது.

அடுத்து ஓர் அட்டவணை வரையுங்கள். இடப்பக்கத்தில் அலகுகளையும் அவற்றுக்குச் செலவான பாடவேளைகளையும், மேலே அறிவு, விளக்கம், பிரயோகம் ஆகிய நிலைகளையும் எழுதி, ஒவ்வொரு வினாவையும் உரிய கட்டத்தில் இடுங்கள். 60 பாடவேளைகளில் 12 ஒளித்தொகுப்புக்குச் சென்றிருந்தால், 40 வினாக்களில் 8 அளவில் அதற்கு வரவேண்டும். 2 தான் வந்திருக்கிறது என்றால், மீதி எங்கே போயிற்று என்பதை அட்டவணையே காட்டிவிடும். வலயமட்ட வினாத்தாள் வரும்போது இது மிகவும் அவசியம். மாரி வெள்ளத்தாலோ ஆசிரியர் வெற்றிடத்தாலோ கற்பிக்கப்படாத அலகிலிருந்து வந்த வினாக்கள், பாடத்திட்டத்தின் அளவில் பொருத்தமானவையாக இருந்தாலும், அந்த மாணவரின் திறனைப் பற்றி எதுவும் சொல்லமாட்டா. அவற்றைத் தனியே கூட்டிப் பாருங்கள்.

அட்டவணைக்குள் அகப்படாத குறைகளும் உண்டு. இந்த வினாவைப் பாருங்கள்: 'அங்காடித் தொகுதியொன்றின் மின்படி செக்கனுக்கு 2 படி வீதம் மேலே செல்கிறது. நிமல் அதன் மீது செக்கனுக்கு 1 படி வீதம் ஏறுகிறான். மொத்தம் 60 படிகள் எனின், மேலே செல்ல எவ்வளவு நேரமாகும்?' விடை 20 செக்கன். ஒட்டுசுட்டானில் ஒரு பிள்ளை 60 செக்கன் என்று எழுதினால், அந்தப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று உடனே முடிவுகட்டலாகாது. 60 ஐ 1 ஆல் வகுத்திருக்கிறது. அதாவது, படிகள் அசையாமல் நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டு, அந்த எடுகோளின்படி சரியாகவே கணித்திருக்கிறது. அந்த வினா வேகங்களைக் கூட்டும் திறனை அளக்கவில்லை. மின்படியில் ஏறிய அனுபவத்தை அளந்திருக்கிறது.

இதற்குப் பரிகாரமாக எல்லாவற்றையும் வயலுக்கு மாற்றிவிடுவதும் சரியாகாது. 'ஏக்கருக்கு எத்தனை புசல்' என்ற கணக்கு முரசுமோட்டைப் பிள்ளைக்குப் பழகியது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னொரு மின்படி. வன்னி ஒரே ஊர் அன்று. ஆகையால், பரீட்சை எழுதாத வேறொரு வகுப்பிலிருந்து நான்கைந்து பிள்ளைகளை, வெவ்வேறு பின்னணியினராகப் பார்த்து, தனித்தனியே அழைத்து, வினாவை வாசித்துச் சத்தமாக யோசிக்கச் சொல்லுங்கள். 'இதிலே என்ன கேட்டிருக்கு?' என்று மட்டும் கேளுங்கள், விடையைத் திருத்தாதீர்கள். எந்தச் சொல்லில் பிள்ளை தடக்குகிறது என்பது ஒரு பாடவேளைக்குள் தெரிந்துவிடும்.

பரீட்சை முடிந்த பின் வினாக்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விடைத்தாள்களை மொத்தப் புள்ளியின்படி அடுக்கி, மேலே 27 வீதத்தையும் கீழே 27 வீதத்தையும் எடுங்கள். 37 பேர் என்றால் பக்கத்துக்குப் பத்துப் பேர். வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் என்றால் இரண்டாகப் பிரித்தாற் போதும். மேல்குழுவில் 8 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 5 ஐ 10 ஆல் வகுக்க வரும் 0.5 அந்த வினாவின் பிரித்தறியும் சுட்டி, அதாவது கெட்டிக்காரரையும் பின்தங்கியவரையும் அந்த வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதன் அளவு. 0.3 இற்கு மேற்பட்டால் வினாவை வைத்துக்கொள்ளலாம். கீழ்க்குழு மேல்குழுவை விடக் கூடுதலாகச் சரி எழுதியிருந்தால், முதலில் விடைப்பட்டியலைச் சரிபாருங்கள். பல நேரங்களில் பிழை அங்கேதான் இருக்கும். விடைப்பட்டியல் சரியென்றால், கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆழமாக யோசித்துப் பிழைவிடும்படி வினா இரு பொருள் பட்டிருக்கும்.

நம்பகத்தன்மைக்கு வருவோம். ஒருவருக்கு ஒரே பரீட்சையை இரு தடவை வைப்பது வகுப்பறையில் நடக்கிற காரியம் அன்று. சரி, பிழை என்று மட்டும் புள்ளியிடும் பல்தேர்வுத் தாளுக்கு, 1937 இல் கூடரும் ரிச்சட்சனும் தந்த சூத்திரங்களில் இருபத்தோராவது போதும். அதற்கு இடையும் (சராசரிப் புள்ளி) நியம விலகலும் (புள்ளிகள் இடையிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) இருந்தால் சரி. 40 வினாக்கள், இடை 24, நியம விலகல் 6 என்று வைத்துக்கொள்வோம். 40 இலிருந்து 24 ஐக் கழித்து, வரும் 16 ஐ 24 ஆல் பெருக்க 384. நியம விலகலின் வர்க்கமான 36 ஐ 40 ஆல் பெருக்க 1440. 384 ஐ 1440 ஆல் வகுக்க 0.267, அதை 1 இலிருந்து கழிக்க 0.733, அதை 40 ஆல் பெருக்கி 39 ஆல் வகுக்க ஏறத்தாழ 0.75. இதுவே தாளின் நம்பகத்தன்மைக் குணகம்; 1 ஐ நெருங்க நெருங்க நல்லது. எல்லா வினாக்களும் ஒரே அளவு கடினமானவை என்று இந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்வதால், கடினம் வேறுபடும் தாளில் உண்மையைவிடச் சற்றுக் குறைவான பெறுமானமே வரும்.

0.75 என்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த படிதான் பயன்படும் படி. 1 இலிருந்து 0.75 ஐக் கழிக்க 0.25, அதன் வர்க்கமூலம் 0.5, அதை நியம விலகலான 6 ஆல் பெருக்க 3. இதுவே அளவீட்டு நியம வழு. 24 புள்ளி பெற்றவரின் உண்மையான நிலை 21 இற்கும் 27 இற்கும் இடையில் இருக்கலாம். அதற்கும் வெளியே இருப்பதற்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. 24 ஐ வெட்டுப்புள்ளியாக வைத்து, 25 எடுத்தவரை 'ஏ' வகுப்புக்கும் 23 எடுத்தவரை 'பி' வகுப்புக்கும் அனுப்புவதற்கு இந்தத் தாளில் எந்த ஆதாரமும் இல்லை. எல்லையை ஒட்டியவர்களுக்கு வகுப்பு வேலை, ஒப்படை, ஆசிரியரின் அவதானம் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். தனியாள் பற்றிய பெரிய முடிவுகளுக்கு 0.9 அளவிலான நம்பகத்தன்மை வேண்டும் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல்.

சிறிய வகுப்புகளில் இந்தக் குணகம் நிலையாக நிற்காது. கோட்டத்தில் இரண்டு மூன்று பாடசாலைகளின் விடைத்தாள்களைச் சேர்த்துக் கணிக்கலாம். ஆனால் தரம் மிக வேறுபட்ட பாடசாலைகளைச் சேர்த்தால் புள்ளிகளின் பரம்பல் விரிந்து குணகமும் தானாக உயரும். வினாத்தாள் அதனால் திருந்திவிடாது. தாளை உண்மையில் திருத்துவதற்கு ஒரு வழி, அதே தரத்திலான வினாக்களைக் கூட்டுவது: ஸ்பியர்மன்–பிரௌன் சூத்திரப்படி 0.6 ஆக இருந்த தாளின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் 0.75 ஆகும். கட்டுரை வினாக்களுக்கோ புள்ளித்திட்டத்தை முதலிலேயே எழுதி, பத்து விடைத்தாள்களைப் பெயரை மறைத்து இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிடுவதே போதுமான தொடக்கம்.

உளவியல் வினாக்கொத்துகளில் அவதானம் இன்னும் கூடுதலாக வேண்டும். யுத்தத்துக்குப் பின் வன்னிக்கு வந்தவை பெரும்பாலும் வேறு நாடுகளில் உருவாகி, தமிழுக்கு மாற்றப்பட்டவை. மொழிபெயர்ப்பை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்கு மாற்றுவித்து ஒப்பிடுவது முதற்படி மாத்திரமே. எங்கள் ஆட்கள் துயரத்தை 'நெஞ்சு எரியுது', 'உடம்பு உளையுது', 'தலை விறைக்குது' என்று உடலால் சொல்வார்கள். 'நம்பிக்கையிழந்து காணப்படுகிறீர்களா' என்ற வசனத்துக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். 'கடந்த இரு வாரங்களில் இரவில் நித்திரை குறைவா' என்ற வினாவை நெடுங்கேணிப் பக்கம் காலபோக அறுவடைக்கு முன் கேட்டால், யானைக்குப் பயந்து காவற்கொட்டிலில் விழித்திருக்கும் கமக்காரர் எல்லோரும் ஆம் என்பார்கள். அறுவடை முடிந்து மறுபடி கேட்டால் இல்லை என்பார்கள். இரண்டு தடவைக்கும் இடையே இணைபு (இரு தடவைப் புள்ளிகளும் ஒத்துப்போகும் அளவு) குறைந்திருப்பதைக் கண்டு கருவி நம்பகமற்றது என்று எழுதுவதும் பிழை. முதல் தடவைப் புள்ளியை மனச்சோர்வு என்று எழுதுவதும் பிழை. ஏன் நித்திரை இல்லை என்ற துணைவினா ஒன்று இரண்டையும் தீர்க்கும்.

குரொன்பாக் 1951 இல் விளக்கிய அல்பா குணகம் (வினாக்களுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கொண்டு நம்பகத்தன்மையைக் கணிப்பது) உயர்வாக இருப்பதை மட்டும் காட்டும் அறிக்கைகளையும் ஐயத்துடன் வாசியுங்கள். ஒரே வினாவைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலும் அல்பா உயரும். வெட்டுப்புள்ளியை வேற்று நாட்டு ஆய்விலிருந்து அப்படியே எடுக்காமல், வினாக்கொத்தை நிரப்பியவர்களில் ஒரு பகுதியினரையாவது, அவர்களது புள்ளியை அறியாத உளநல மருத்துவர் ஒருவர் நேரில் கண்டு பேசி, அவரது கணிப்புடன் ஒப்பிட்ட பின்னரே நிர்ணயிக்க வேண்டும். அது நடக்கும்வரை, புள்ளி கூடிய பிள்ளையை அழைத்துப் பேசுவதற்கு மட்டும் வினாக்கொத்தைப் பயன்படுத்துங்கள். பிள்ளையின் கோவையில் நோயின் பெயரை எழுதாதீர்கள்.