போட்ல ஃப்ரிட்ஜ் கூலிங் இல்லையா? கேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி வயரைப் பாருங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை பக்கம் லாங்லைன் போட்டுங்க, அதாவது நீளக் கயித்துல நெறைய தூண்டில் கட்டி மீன் பிடிக்கிற போட்டுங்க, ஒரு தடவ கெளம்பினா 30, 40 நாள் கழிச்சுதான் கரைக்கு வரும். மீனுக்கு ஹோல்டுல (மீன் வைக்கிற அடி அறை) ஐஸ் இருக்கு, ஆனா ஆளுங்க சாப்பிடுற காய்கறி, பால், யாராவது சுகருக்கு ஊசி போடுறவங்கன்னா அந்த இன்சுலின், இதெல்லாம் எங்க வைக்கிறது? இன்சுலின ஐஸோட ஒட்டி வச்சு உறைஞ்சிருச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால வீல் ஹவுஸ்ல, அதாவது போட்ட ஓட்டுற கேபின்ல, சின்னதா ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தா நல்லது.

வீட்டு ஃப்ரிட்ஜ இன்வெர்ட்டர்ல போட்டு ஓட்டலாமான்னு கேக்காதீங்க. ஓடும், ஆனா கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற நேரத்துல பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதுக்கு பெரிய இன்வெர்ட்டர் வேணும், அந்த இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதே பேட்டரிய தின்னுக்கிட்டு இருக்கும். நேரா 12 இல்ல 24 வோல்ட்ல ஓடுற டிசி ஃப்ரிட்ஜ் வாங்குங்க. இதுல நெறைய மாடல்ல இருக்கறது டான்ஃபாஸ் பிடி 35 (BD35) கம்ப்ரசர்தான், இப்ப சீகாப்னு பேரு மாறிருச்சு. ரெண்டு வோல்ட்டையும் அதுவே தெரிஞ்சுக்கும், தனியா செட்டிங் எதுவும் கெடையாது.

பெரிய போட்டுன்னா ரெண்டு பேட்டரிய சீரிஸ்ல போட்டு 24 வோல்ட் இருக்கும். இங்கதான் முக்காவாசிப் பேர் தப்பு பண்றாங்க, ஃப்ரிட்ஜ் 12லயும் ஓடும்ல, அதனால ஒரே ஒரு பேட்டரில இருந்து மட்டும் வயர் இழுத்துடுறாங்க. அந்த ஒரு பேட்டரி எறங்கிக்கிட்டே போகும், சார்ஜ் ஏறும்போது இன்னொண்ணு ஓவர்சார்ஜ் ஆகி தண்ணி வத்தும், ஆறு மாசத்துல ரெண்டும் காலி. 24 வோல்ட்டு போட்டுன்னா 24லயே குடுங்க. ஸ்டார்ட்டிங் பேட்டரில கை வைக்காம தனி செட் போடுங்க, ஃப்ரிட்ஜுக்காக நடுக்கடல்ல இன்ஜின் ஸ்டார்ட் ஆகலன்னா ஸ்ராங்கு (போட்ட ஓட்டுறவரு) உங்கள சும்மா விடமாட்டாரு.

இப்ப வயரு. 24 வோல்ட்டுக்கு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர்னா 8 மீட்டர், 6 ஸ்கொயர்னா 12 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம், 12 வோல்ட்டுன்னா அதுல பாதிதான். வெள்ளீயம் பூசின செம்பு வயர் கெடச்சா அதையே வாங்குங்க, உப்புக்காத்துல சாதா செம்பு உள்ளுக்குள்ளயே கறுத்துப்போகும். பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ் போடணும், 24க்கு ஏழரை ஆம்ப், 12க்கு 15. நடுவுல லைட்டு, வயர்லெஸ்னு எதையும் அந்த லைன்ல சேக்காதீங்க.

ஒரு போட்ல கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும், ரெண்டு செகண்ட்ல நிக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் ஆகும், இப்படியே நாள் பூரா. நான் போறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ கேஸ் அடிச்சு காசு வாங்கிட்டுப் போயிட்டாங்க. பேட்டரில மீட்டர் வச்சா 25.1, நல்லா இருக்கு. அதே மீட்டர ஃப்ரிட்ஜ் டெர்மினல்ல வச்சு கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது பாத்தா 22.3. கம்ப்ரசர ஓட்டுற எலக்ட்ரானிக் பெட்டி, அதான் கண்ட்ரோலர், 22.8க்கு கீழ போனா ஆஃப் பண்ணிடும், 24.2 வந்தாதான் திரும்ப விடும். நெகட்டிவ் லக்க (வயர் முனைல அடிக்கிற உலோக வளையம்) கழட்டி ஸ்லீவ உருவிப் பாத்தா உள்ள பச்சையா பொடிப்பொடியா கொட்டுது. புது லக் அடிச்சேன், பத்து நிமிசத்துல முடிஞ்சது. அதனால வோல்ட்டேஜ எப்பவும் கம்ப்ரசர் ஓடும்போது, ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு பாருங்க, கம்ப்ரசர் நின்னுட்டு இருக்கும்போது எல்லாம் சரியாத்தான் காட்டும்.

கண்ட்ரோலர்ல பிளஸ்ஸுக்கும் டிக்கும் (D) நடுவுல ஒரு சின்ன எல்இடி மாட்டினா மின்னி மின்னி ஃபால்ட் சொல்லும். ஒரு மின்னல்னா வோல்ட்டேஜ், ரெண்டுன்னா ஃபேன் அதிக கரண்ட் இழுக்குது, மூணுன்னா மோட்டார் சுத்தல, அஞ்சுன்னா கண்ட்ரோலர் சூடேறிருச்சு. மூணு வந்தா பதறாதீங்க, நிப்பாட்டுன உடனே திரும்ப போட்டிருந்தா உள்ள பிரஷர் சமமாகியிருக்காது, கொஞ்சம் பொறுத்துப் போடுங்க. ஒண்ணுமே மின்னாம கம்முனு இருந்தா தெர்மோஸ்டாட் ரெண்டு வயரையும், அதாவது சியும் (C) டியும் (T), ஒண்ணா சேத்துப் பாருங்க, அரை நிமிசத்துக்குள்ள ஓடினா தெர்மோஸ்டாட்தான் போச்சு. ஃபேன் மாத்துறதா இருந்தா 24 வோல்ட்டு போட்டுலயும் 12 வோல்ட்டு ஃபேன்தான், தப்பா வாங்கிட்டு வந்து சுத்தலன்னு நிக்காதீங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் கூலிங் இல்ல, உள்ள ஐஸ் தட்டுல ஒரு ஓரம் மட்டும் பனி படியுதுன்னா அப்பதான் கேஸ் கம்மி. சோப்புத் தண்ணி தடவி லீக்க கண்டுபிடிச்சு அடைச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க, அடைக்காம அடிச்சா அடுத்த டிரிப்புக்கு அதே கதை.

கரண்ட் கணக்கு: ஓடும்போது சுமார் 50 வாட், நம்ம வெக்கைக்கு ஒரு நாள்ல 15 மணி நேரம் ஓடுதுன்னு வையுங்க, 750 வாட் அவர். 24 வோல்ட்ல 31 ஆம்ப் அவர் கிட்ட. லெட் ஆசிட் பேட்டரிய பாதிக்கு மேல எறக்கக்கூடாது, அதனால 100 ஆம்ப் அவர் செட்டுன்னா ஒன்றரை நாள் தாங்கும். இன்ஜின் ஓடினா டைனமோ ஏத்திடும், தூண்டில் போட்டுட்டு இன்ஜின ஆஃப் பண்ணி கெடக்கற நாளுக்கு வீல் ஹவுஸ் மேல 300 வாட் சோலார் போடுங்க, மாஸ்ட் நிழல் விழாத எடமா பாத்து. கண்டன்சர் (ஃப்ரிட்ஜோட சூட்ட வெளிய விடுற கம்பிச்சுருள்) பக்கம் ஒரு சாண் காத்து எடம் விடுங்க, இன்ஜின் ரூம் சூடு அங்க வரக்கூடாது, டிரிப் முடிஞ்சு வந்ததும் அதுல உப்பு படிஞ்சத நல்ல தண்ணில நனைச்ச பிரஷ்ஷால தொடச்சு விடுங்க, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு.