ஐட்லில் எஞ்சின் உதறினால் செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓட, காரை நிறுத்தி வைத்திருக்கும்போது (இதுதான் ஐட்ல்) ஸ்டியரிங் நடுங்கும், அக்சலரேட்டரை அமத்தினால் சரியாகிவிடும். 90களில் ஜப்பானில் செய்து ரீகண்டிஷனாக வந்த கொரோலா, சன்னி வைத்திருக்கிறவர்களுக்குப் பழகிய கரைச்சல் இது. உடனே பிளக் மாற்றுவார்கள், பிறகு பெற்றோல் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கழுவுவார்கள். காசு போகும், நடுக்கம் போகாது.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. ஐட்லில் காற்றை உள்ளே விடுகிற கதவான திராட்டில் கிட்டத்தட்ட மூடியே இருக்கும், உள்ளே போவது கொஞ்சக் காற்றுத்தான். அதனால் ரப்பர் பைப்பில் சின்ன வெடிப்பு இருந்தாலே காற்று-பெற்றோல் கலவை குழம்பிவிடும். 2000 ஆர்.பி.எம்முக்கு ஏற்றினால் அதே கசிவு எடுபடாது. எஞ்சினுக்குள் சேருகிற ஆவியைத் திரும்ப உறிஞ்சுகிற பி.சி.வி. பைப்பை மேலே பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று விடாதீர்கள். கழற்றி வளைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறி மெதுமையான அடிப்பக்கத்தில்தான் வாய் பிளந்திருக்கும். கசிவு தேட, ஓடுகிற எஞ்சினில் கார்ப் கிளீனர் அடிப்பதும் வேண்டாம், சூடான எக்ஸோஸ்டில் பட்டால் தீப்பிடிக்கும். வக்கியூம் பைப்புகளை ஒவ்வொன்றாக மெதுவாக நெரியுங்கள். எதை நெரிக்கும்போது எஞ்சின் சீராகிறதோ, கசிவு அந்த வழியில்தான்.

திராட்டில் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகி ஐட்லை ஏற்றுவது இன்னும் மோசம். அது கம்பனியில் அளந்து வைத்தது. திருகினால் திராட்டில் மூடியிருக்கிறது என்பதே எஞ்சின் கம்பியூட்டருக்குத் தெரியாமல் போகும், அப்புறம் ஐட்லை அது கட்டுப்படுத்தாது.

சரி, காற்றில் பிழை இல்லை. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடும்போதே பிளக் வயரை இழுப்பார்கள். ஷொக் அடிக்கும், கொயிலும் பழுதாகலாம். அதற்குப் பதில் இன்ஜெக்டர் சொக்கட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். அதன் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பிழையும் கூடவே போனால் பிளக்தான்.

திருகோணமலையில் இன்னொன்று உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரம் நிற்கிற கார்களில் எர்த் வயர் நுனி பச்சை பூத்துவிடும். எஞ்சினிலிருந்து பொடிக்கு (காரின் உடலுக்கு) போகிற எர்த்தைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டாமல் சென்சர் வாங்கப் போகாதீர்கள்.

செக் எஞ்சின் லைட் எரியாததை நம்பவும் வேண்டாம், வெடித்த பைப்பைக் கம்பியூட்டர் காணாது. பல பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனர் பூட்ட இடமும் இருக்காது. பொனட்டுக்குள் இருக்கிற செக் பெட்டியில் டி.ஈ.1 (TE1), ஈ.1 (E1) என்கிற இரண்டு ஓட்டைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சுவிட்சை ஓன் பண்ணி, செக் எஞ்சின் லைட் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ண வேண்டும், அதுதான் பிழையின் குறியீடு. ஓட்டை மாறிக் குத்திவிடாதீர்கள்.

ஆர்.பி.எம் ஏறி ஏறி இறங்கினால் ஐட்லுக்குக் காற்றை அளந்து விடுகிற ஐட்ல் வால்வை வாங்க முதல், எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். பல பழைய டொயோட்டாக்களில் அந்த வால்வு வழியாகத்தான் கூலன்ட் ஓடுகிறது. தண்ணீர் குறைந்து காற்றுப் புகுந்தால் இப்படித்தான் ஆடும். ஆர்.பி.எம் முள் அசையாமல் நிற்க பொடி மட்டும் நடுங்கினால், பார்க்க வேண்டியது எஞ்சினைத் தாங்குகிற ரப்பரான எஞ்சின் மவுண்ட்.